ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புகிறீர்களா? பாஸ் போட்டவனால் வரும் ஆபத்தைக் குறைக்கும் வழி

விடிகாலை மூன்றே முக்காலுக்கு மலேசியாவின் பந்திங் பக்கம் வந்தீர்கள் என்றால் வரிசையாக வேன்கள் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் இந்த நேரத்துக்கு நம் அப்பா அம்மா எல்லாம் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் பெயர் கூப்பிடுவதற்கு) எழுந்துகொண்டிருப்பார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகள் மஞ்சள் வெஸ்ட்டை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கி வழிந்தபடி கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வுக்கு வேன் ஏறுகிறார்கள். பெட்டி ஏற்ற, விமானத்துக்குள் கூட்டித் துடைக்க, சாப்பாட்டு வண்டி தள்ள, சரக்குக் கிடங்கில் தூக்க, கேட்டில் காவல் நிற்க. 1998 ஜூனில் அந்த விமான நிலையத்தைத் திறந்தபோது அதற்கென்று ஒதுக்கியிருந்த நிலம் 10,000 ஹெக்டேர், அதில் நிறைய இடம் அதற்கு முன்னால் தோட்டம். என் அம்மா சின்ன வயதில் பால்மரம் சீவிய காடும் அந்தப் பக்கம்தான், இப்போது அங்கே நின்று பார்த்தால் எந்த நிறை (மர வரிசை) எங்கே இருந்தது என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

நான் பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கி, பிறகு சூப்பர்வைசர் ஆகி, இப்போது கை மாறி வந்த ஒரு சின்னக் குத்தகையில் முப்பத்துச் சொச்சம் பேரை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதை எழுதுவது என்னைப் போல ஆள் அனுப்புகிறவர்களுக்கும் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கும். பெரிய கம்பெனிகளுக்குப் பாதுகாப்புத் துறை, கேமரா, ஆலோசகர் எல்லாம் உண்டு. நம்மிடம் இருப்பது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழுவும்தான். ஆனால் பையன் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம்தான், அவர்கள் இல்லை. அங்கேதான் பாதி வேலை இருக்கிறது.

தோட்டத்தில் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) திருட்டு நடந்தால் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், வெளியாளைத் தேடிப் போகமாட்டார். எந்த நேரத்தில் தராசுக்கு ஆள் இல்லை, எந்தப் பின்வாசலில் பூட்டு சரியில்லை என்பது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? விமான நிலையத்திலும் அதே கதைதான். பயணியிடம் பெல்ட்டைக் கழற்று, தண்ணீர் போத்தலை வீசு என்று அத்தனை கெடுபிடி. ஊழியர் பாஸ் (உள்ளே போகும் அடையாள அட்டை) போட்டவனுக்குக் கதவு தானாகத் திறக்கிறது. அவனையும் கேட்டில் சோதிக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நாளைக்கு எட்டு முறை போய் வருகிறவனை எட்டாவது முறை எந்த அளவுக்குச் சோதிப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முதலில் ஆள் எடுப்பது.

பாஸ் எடுக்கும்போது பின்னணி பார்ப்பார்கள், அது அவர்கள் வேலை. அதை நம்பி நீங்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை காட்டுவது பதிவான குற்றத்தை மட்டும்தான். இதுவரை எதுவும் செய்யாத, ஆனால் நாளைக்குச் செய்யும்படி யாராவது நெருக்கக்கூடிய ஒருவனை அது காட்டாது. அதனால் ஐ.சி.யை (அடையாள அட்டையை) உங்கள் கண்ணால் பாருங்கள். முன்பு வேலை செய்த இடத்துக்கு நீங்களே போன் போடுங்கள், பையன் கொடுத்த நம்பருக்கு இல்லை, கம்பெனி நம்பரைத் தேடிப் போடுங்கள். நடுவில் எட்டு மாதம் எங்கே இருந்தான் என்று கேளுங்கள். சிங்கப்பூர் போனேன், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, பதில் ஒன்று வேண்டும். முடிந்தால் வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். நான் போவேன். வேவு பார்க்க இல்லை. பெரியவர்கள் யார், யாருக்கு உடம்பு முடியாது, இவன் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். நாளைக்கு ஏதாவது என்றால் அந்த வீட்டு அம்மா எனக்குத்தான் முதலில் போன் போடுவார்.

சொந்தக்காரப் பையன், கோவில் தலைவர் சொன்ன பையன் என்று யாருக்கும் இதில் சலுகை கிடையாது. சிபாரிசில் வருகிறவனிடம்தான் நாம் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம், அதனால் அவனிடம் இரண்டு கேள்வி கூடுதலாகவே கேளுங்கள்.

இன்னொன்று, பாஸ் வர வாரக்கணக்கில் ஆகும்போது ஆள் பற்றாக்குறையில் தற்காலிக பாஸ் எடுத்து ஒருவனை உள்ளே விட்டுவிடுகிறோம் இல்லையா, அவன் கூடவே ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூட இருக்கிற ஆள் பசியாறப் போய்விடுகிறான். தயவுசெய்து வேண்டாம். பாஸ் வரும்வரை அவனை வேன் கழுவ விடுங்கள், கணக்கு எழுத விடுங்கள்.

அடுத்தது பாஸ். (நம் ஆட்கள் முதலாளியையும் பாஸ் என்றுதான் சொல்கிறார்கள். "பாஸ் காணோம்ணே" என்று ஒருவன் போன் போட்டால் எனக்கு இரண்டு விதமாகவும் வயிறு கலங்கும்.)

இதில்தான் நான் மாட்டினேன். பல வருடத்துக்கு முன்னால், சூப்பர்வைசராக இருந்த காலத்தில், ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான். சம்பள பாக்கி வாங்க வருவான், அப்போது பாஸை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வந்தான், பதினோரு நாள் கழித்து. மோட்டார் சீட்டுக்கு அடியிலிருந்து பாஸை எடுத்துக் கொடுத்தான், மழையில் நனைந்து பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை பிடித்திருந்தது. பதினோரு நாளும் அந்த அட்டை உயிரோடு இருந்திருக்கிறது, யாரும் அதை முடக்கச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நான். மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். கத்தினதில் தப்பே இல்லை.

கத்தினவர்களில் ஒருவர்தான் அன்றைக்கு அந்த 1987 கதையைச் சொன்னார். அமெரிக்காவில், டிசம்பர் 7ஆம் தேதி, கலிபோர்னியாவில் பி.எஸ்.ஏ. விமானம் 1771. விமான நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவனைச் சின்னத் திருட்டுக்காக வேலையை விட்டு நீக்குகிறார்கள், விமானத்தில் பானம் விற்ற காசில் 69 டாலர். வேலையை எடுத்தவர்கள் அடையாள அட்டையை எடுக்கவில்லை. அந்த அட்டையைக் காட்டிச் சோதனையைத் தாண்டித் துப்பாக்கியோடு உள்ளே போய்விட்டான். அவனை நீக்கிய அதிகாரியும் அதே விமானத்தில் இருந்தார். 43 பேர் செத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே, வேலையை விட்டு நீக்கினால் அந்த நிமிடமே அட்டையைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். அன்றிலிருந்து, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று எந்த பாஸையும் நான் விட்டுவைப்பதில்லை.

ஆக, செய்ய வேண்டியது இது. யாரிடம் எந்த பாஸ், எந்தத் தேதியோடு முடிகிறது என்று ஒரே நோட்டில் எழுதுங்கள், மாதம் ஒரு முறை பாஸைக் கையில் வாங்கிப் பார்த்து எண்ணுங்கள், "இருக்கா? இருக்குண்ணே" என்று வேனுக்குள் குரல் கேட்டு எண்ணாதீர்கள். ஒருவன் நின்றுவிட்டான் என்று தெரிந்த அன்றே, பாஸ் கைக்கு வருகிறதோ இல்லையோ, முடக்கச் சொல்லிப் பாஸ் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். தொலைந்துவிட்டது என்றால் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். தொலைத்தவனை ஒரேயடியாகத் திட்டித் தீர்த்தால் அடுத்தவன் தொலைத்ததை மறைப்பான். புது பாஸுக்கு ஆகும் காசைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாயை அடக்கிக்கொள்ளுங்கள்.

பாஸை மாற்றிப் போட்டுக்கொள்வது இன்னொரு வியாதி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் என் வேனில் வந்தார்கள், முகச்சாடை ஒன்று. தம்பி பாஸை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அண்ணனுடையதைப் போட்டுக்கொண்டு கேட்டில் நுழைந்துவிட்டுப் பிறகு அதை அண்ணனுக்கே கொடுத்தனுப்புவது என்று ஏற்பாடு. கேட்டால் "ஒரே வீடுதானேண்ணே" என்கிறான். ஒரே வீடுதான், ஒரே ஆள் இல்லையே! வீட்டுக்குத் திருப்பி அனுப்பினேன், அன்றைய சம்பளம் கிடையாது. அப்புறம் மறந்ததில்லை.

கதவு விஷயம்தான் நமக்கு ரொம்பக் கஷ்டம். பின்னால் பெரியவர் ஒருவர் வருகிறார், கையில் சாமான் இருக்கிறது, நாம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம், அப்படித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். அங்கே அது கூடாது. ஆனால் "பாஸ் காட்டு" என்று பெரியவரிடம் கேட்க எந்தப் பையனுக்கு வாய் வரும்? அதனால் நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வேனிலேயே இரண்டு பேரை நிற்க வைத்துச் சொல்லிப் பழக்குவேன், மற்றவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்: "அண்ணே, நீங்களும் ஒரு தட்டு தட்டிட்டு வந்துருங்கண்ணே, கேமரா பாத்துக்கிட்டு இருக்கு." பழியைக் கேமரா மேல் போட்டுவிட்டால் யாருக்கும் மனசு நோகாது. மலாய்க்காரப் பெரியவருக்கும் இதே வாக்கியத்தை மலாயில்.

உடுப்பும் பாஸ் மாதிரிதான். ஒரு தடவை தெலுக் டத்தோ போகிற வழியில் டுரியான் விற்றுக்கொண்டிருந்த ஆள் எங்கள் கம்பெனிப் பெயர் போட்ட வெஸ்ட்டைப் போட்டிருந்தார். எப்படி வந்தது என்று கேட்டேன், மச்சான் கொடுத்தான் என்றார். மஞ்சள் வெஸ்ட்டும் முகத்தில் ஒரு அவசரமும் இருந்தால் பாதிக் கதவுகள் திறக்கும், அதனால் வெஸ்ட்டுக்கும் நம்பர் போடுங்கள், கிழிந்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டுதான் புதுசு. (டுரியான் நல்ல டுரியான். இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு வெஸ்ட்டையும் வாங்கிவந்தேன்.)

இப்போது காசு. மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

தப்புச் செய்கிற பையன்கள் முக்கால்வாசிப் பேர் கெட்டவர்களாக வேலைக்குச் சேர்வதில்லை. கடன் வந்து சேர்கிறது. கைப்பேசியில் சூதாட்டம், மோட்டார் தவணை, தங்கச்சி கல்யாணம், அப்பா ஆஸ்பத்திரி, அப்புறம் ஆலோங், அதாவது கந்துவட்டிக்காரன். ஆலோங்காரன் லயத்துக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போன மறுவாரம் யாராவது ஒருவன் வந்து தே தாரிக் (தேநீர்) வாங்கிக் கொடுத்து, "நீ ஏர்போர்ட்டுலதானே வேல செய்யிற?" என்று கேட்பான். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு வாரம்தான் நமக்குக் கிடைக்கிற நேரம்.

என் பையன் ஒருவன், வயது இருபத்து மூன்று, ஒரு நாள் ராத்திரி எல்லாரும் இறங்கிய பிறகும் வேனில் உட்கார்ந்திருந்தான். நான் எஞ்சினை அணைத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பாஸ் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அண்ணே, ஒரு பைய கிடங்குலேருந்து பெல்ட்டு ஓரமா கொண்டுபோய் வச்சா போதுமாம். ரெண்டாயிரம் வெள்ளியாம். உள்ள என்ன இருக்குன்னு கேக்கக் கூடாதாம்" என்றான். யார் என்று உடனே கேட்கவில்லை. எவ்வளவு கடன் என்று கேட்டேன். ஆறாயிரத்து இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். அதில் அவன் வாங்கியது ஆயிரத்து ஐந்நூறுதான், மிச்சம் வட்டி.

அவன் என்னிடம் வந்து சொன்னதற்குக் காரணம் நான் ரொம்ப நல்லவன் என்பது இல்லை. முன்னால் ஒருவன் கடன் என்று வந்தபோது நான் வேலையை விட்டுத் தூக்கவில்லை என்பதை அவன் பார்த்திருந்தான், அவ்வளவுதான். கடன் இருக்கிறது என்று சொன்னால் வேலை போய்விடும் என்று பையன்கள் நினைக்கிற இடத்தில் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள், தே வாங்கிக் கொடுக்கிறவனிடம்தான் சொல்வார்கள்.

என்ன செய்யலாம்? முதலில் உங்கள் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். சம்பளம் சொன்ன தேதியில் போக வேண்டும். மேலிருந்து காசு வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுக்கிற குத்தகைக்காரர்தான் விமான நிலையத்துக்கு முதல் ஆபத்து, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, நானும் இழுத்திருக்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி, அதற்குக் கீழே கணக்கு எழுதிவிட்டு நேர்மையைப் பற்றி வகுப்பு எடுத்தால் பையன்கள் பின்சீட்டில் சிரிப்பார்கள். ஈ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) என்று பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதும் அதே கணக்குத்தான். ஓ.டி. (கூடுதல் வேலை) மணி நேரத்தை அவர்கள் கண் முன்னால் எழுதுங்கள். அவசரத்துக்கு முன்பணம் என்று ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி வையுங்கள், வட்டி இல்லாமல், மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்கிற மாதிரி. கடன் கைமீறிப் போனவனைக் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.வுக்கு அழைத்துக்கொண்டு போங்கள், கடன் ஆலோசனைக்குக் காசு வாங்கமாட்டார்கள். வங்கிக் கடனுக்குத்தான் அவர்கள் தவணை பேசுவார்கள், ஆலோங் கடனுக்கு இல்லை, அது போலிஸ் விஷயம். ஆனால் வங்கிப் பக்கம் மூச்சுவிட இடம் கிடைத்தாலே பையன் கொஞ்சம் நிமிர்வான்.

இதையே சாக்காக வைத்து யார் வீட்டில் புது டிவி வந்தது, யார் எந்த மோட்டாரில் வருகிறான் என்று ஒற்று வேலை பார்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். புது மோட்டார் ஒன்றும் சாட்சி இல்லை, மாமா வாங்கிக் கொடுத்திருப்பார். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், ஆட்கள் முன்னால் இல்லாமல்.

அடுத்து, "சின்ன உதவி". எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த டப்பாவைக் கேட்டுக்கு அந்தப் பக்கம் என் அக்காவிடம் கொடுத்துவிடு. அந்தப் பெட்டியை முதலில் ஏற்று. இன்றைக்கு எந்த விமானம் எந்தக் கேட், சும்மா தெரிந்துகொள்ளத்தான். 2014இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பெட்டி தூக்குகிற ஊழியன் ஒருவன் துப்பாக்கிகளைத் தன் ஊழியர் பாஸோடு உள்ளே கொண்டுபோய், வெறுங்கையோடு பயணியாகச் சோதனை தாண்டி வந்த கூட்டாளியிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தான், அவை நியூயார்க்குக்குச் சாதாரண விமானத்தில், பயணிகளின் தலைக்கு மேலே போயின. 2016 பிப்ரவரி 2ஆம் தேதி சோமாலியாவின் மொகடிஷுவில் கிளம்பிய டாலோ விமானத்தில் ஒரு மடிக்கணினி வெடித்து விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. சோதனை முடிந்த பிறகு அதை அந்தப் பயணியின் கையில் கொடுத்தது விமான நிலைய ஊழியர்கள் என்பது கேமராவில் பதிவாகியிருந்தது. விமானி எப்படியோ திருப்பிக்கொண்டுவந்து இறக்கிவிட்டார், வைத்தவன் மட்டும் செத்தான். நம் பக்கத்திலும் கதை இல்லாமல் இல்லை. 2019 ஜனவரியில் மலேசிய விமானப் பணியாளர்களை மெல்பர்னில் போதைப்பொருளோடு பிடித்தார்கள். 2016இல் கே.எல்.ஐ.ஏ.வில் குடிநுழைவுத் துறையின் கடப்பிதழ்ச் சோதனைக் கணினியையே உள்ளே இருந்த அதிகாரிகள் கெடுத்துவைத்திருந்தது வெளியே வந்து 15 பேருக்கு வேலை போனது. அவர்கள் நம் பையன்களைவிட நல்ல சம்பளம் வாங்கியவர்கள். வறுமை மட்டும்தான் காரணம் என்று நான் எழுதிவிட்டதாக நினைக்காதீர்கள்.

அதனால் என் விதி ஒன்றுதான். தன்னுடையது இல்லாத எதுவும், சாப்பாட்டுப் பொட்டலம் உட்பட, ஊழியர் கேட்டைத் தாண்டக் கூடாது. சூப்பர்வைசர் சொன்னாலும், நான் சொன்னாலும். "அண்ணன் கொடுக்கச் சொன்னார்" என்று என் பெயரைச் சொல்லி யாராவது பொட்டலம் நீட்டினால் அவன் எனக்குப் போன் போட வேண்டும், நான் எடுக்கவில்லை என்றால் பொட்டலம் வெளியிலேயே இருக்கட்டும்.

பெட்டி டேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023இல் பிரேசில் நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஜெர்மனிக்குச் சுற்றுலா போனார்கள். சாவோ பாவ்லோ விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்கள் அவர்கள் பெட்டியிலிருந்த டேக்கைக் கழற்றி, கொக்கேய்ன் நிறைத்த வேறு பெட்டிகளில் மாட்டிவிட்டார்கள். பிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டது அந்தப் பெட்டிகள், கைவிலங்கு இந்தப் பெண்களுக்கு. கேமராப் பதிவு கிடைத்து வெளியே வரும்வரை 38 நாள் சிறை. உங்கள் பையன்களிடம் சட்டம், விதி என்று பேசுவதைவிட இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்தப் பெட்டி உன் அம்மா முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்குக் கோவில் பார்க்கப் போகிற பெட்டியாக இருந்தால் என்று கேளுங்கள். என் வேனில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

டேக் கழன்று கிடந்தால் தாங்களே மாட்டக் கூடாது, இரண்டு டேக் இருந்தால் ஒன்றைக் கிழிக்கக் கூடாது, அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். ஏறாத பயணியின் பெட்டி விமானத்தில் போகக் கூடாது என்ற விதி எதற்கு என்பதை விளக்குங்கள். தாமதமாகிறது, திட்டுகிறார்கள் என்று அவசரத்தில் பையன்கள் கை வைப்பது அங்கேதான். டேக்கைப் படம் எடுத்து டிக்டாக்கில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள், அதில் பயணியின் பெயர் இருக்கிறது, நம்பர் இருக்கிறது. சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறவர்களுக்குக் காகிதம்தான் டேக். 2023 ஏப்ரலில் கனடாவின் டொரொன்டோவில் 400 கிலோ தங்கம் போனது துப்பாக்கி முனையில் இல்லை, முந்தின நாள் எடுத்துப்போன மீன் சரக்கின் ரசீது நகல் ஒன்றைக் காட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வழக்கிலும் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் மேல் குற்றச்சாட்டு. காகிதத்தில் நம்பர் சரியா என்று பார்த்தால் போதாது, அந்த நம்பர் ஏற்கெனவே தீர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

தனியாக யாரையும் விடாதீர்கள். இரண்டு பேர், அதிலும் எப்போதும் அதே இரண்டு பேர் இல்லாமல் மாற்றி மாற்றி. இன்ன விமானத்துக்குத்தான் போவேன் என்று ஒருவன் திரும்பத் திரும்ப ஷிஃப்ட் மாற்றிக் கேட்டால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், காரணம் பெரும்பாலும் ஒரு பெண்ணாகத்தான் இருக்கும், இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் என்பது திருட்டைத் தடுக்க மட்டும் இல்லை. 2018 ஆகஸ்டில் சியாட்டிலில் தரைப்பணி ஊழியன் ஒருவன், அமைதியான பையன் என்றுதான் கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள், நின்றுகொண்டிருந்த காலி விமானத்தைத் தானே இழுத்துத் திருப்பி, ஓட்டிக்கொண்டு வானத்துக்குப் போய்விட்டான். ஒரு தீவில் விழுந்து அவன் மட்டும் செத்தான். பாஸ் சரியாக இருந்தது, வேலை நேரம் சரியாக இருந்தது. இந்த மாதிரி ஒன்றைக் கேமரா பிடிக்காது. பக்கத்தில் நிற்கிறவன்தான் "என்னடா ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்க முடியும். கலகலப்பாக இருந்தவன் பேச்சைக் குறைத்தால், சாப்பாட்டை மறந்தால், சாமான்களை மற்றவனுக்குத் தானம் கொடுக்க ஆரம்பித்தால் ஷிஃப்டை மாற்றிவிட்டு முதலில் அவனோடு உட்காருங்கள். பிஃப்ரெண்டர்ஸ் மாதிரி, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற அமைப்புக்குப் போன் போடப் பக்கத்தில் இருந்து உதவுங்கள். அதைப் புகாராக எழுதாதீர்கள்.

கோபம் வேறு கணக்கு. 2019 ஜூலையில் மயாமியில் ஒரு மெக்கானிக் விமானத்தின் வேகம் காட்டும் கருவிக்குப் போகும் பாதையை அடைத்துவைத்தான். 150 பேரோடு கிளம்ப இருந்த விமானத்தை விமானி கோளாறு கண்டு நிறுத்திவிட்டார். எதற்குச் செய்தாய் என்றால், சம்பள ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போகிறது, கையில் காசில்லை, விமானம் பழுதானால் தனக்கு ஓ.டி. கிடைக்கும் என்றான். ஓ.டி.க்காக! இதைப் படித்துவிட்டுக் கோபப்படுகிற பையன்களை எல்லாம் களை எடுக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். கோபத்தை வாய்விட்டுச் சொல்கிறவன் பரவாயில்லை. என் வேனில் சனிக்கிழமை திரும்பும்போது திட்டுகிற நேரம் என்று ஒன்று உண்டு, கம்பெனியை, என்னை, யாரை வேண்டுமானாலும். ஓ.டி. குறைந்தது, லீவு கிடைக்கவில்லை என்று வருவதை நோட்டில் எழுதி, அடுத்த சனிக்கிழமை பதில் சொல்வேன். முடியாது என்பதும் பதில்தான்.

வேலையை விட்டு நிறுத்த வேண்டி வந்தால் வரிசையை மாற்றாதீர்கள். பாஸ் முதலில், வெஸ்ட்டு சாவி அடுத்தது, கடிதம் அப்புறம். விசாரணை முடியும்வரை உள்ளே விடக் கூடாது என்று தோன்றினால் வேலைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, இரண்டு வாரம் வரை நிறுத்திவைக்கலாம், பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும், குற்றம் இல்லை என்று தெரிந்தால் பிடித்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும். அவமானப்படுத்தி அனுப்பாதீர்கள். அதே ஊர், அதே ஒட்டுக்கடை, நாளைக்குக் காலையில் அவன் உங்களுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்பான்.

கடைசியாக, சொல்வது. நம் ஊரில் மத்தியானம் ஒருவன் வாயைத் திறந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் கேரித் தீவு வரை தெரிந்துவிடும். அதனால்தான் யாரும் வாயைத் திறப்பதில்லை. தகவலை வேனில் கேட்காதீர்கள், புலனக் குழுவில் கேட்கவே கேட்காதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள், எந்த இடம், எத்தனை மணி, என்ன. "அவன் ஆளே சரியில்லண்ணே" என்பது தகவல் இல்லை, அது பெண் கொடுத்த வீட்டுச் சண்டையாகக்கூட இருக்கும். யார் எந்த இனம், எந்தக் கோவில், எந்தப் பள்ளிவாசல் என்பதும் தகவல் இல்லை. பெரிய விஷயம் என்றால் துணைப் போலிஸுக்கோ, போலிஸுக்கோ, லஞ்சம் சம்பந்தப்பட்டால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்கோ நேராகப் போங்கள். 2010ஆம் வருடத்துத் தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் அப்படி அமலாக்கத் துறையிடம் போய்ச் சொல்கிறவர்களுக்குத்தான், முகநூலில் எழுதிவிட்டுப் பாதுகாப்புக் கேட்க முடியாது. உங்களுக்கு மேலே இருக்கிற ஆளே சம்பந்தப்பட்டிருந்தால் அவரிடம் போய்ச் சொல்கிற அப்பாவித்தனமும் வேண்டாம்.

அந்த இருபத்து மூன்று வயதுப் பையனோடு நானே போலிஸ் நிலையத்துக்குப் போனேன். வாக்குமூலம் எழுதி முடிக்க விடியற்காலை ஆகிவிட்டது, வெளியே வந்து இரண்டு பேரும் நாசி லெமாக் தின்றோம். ஷிஃப்டை மாற்றிவிட்டேன், ஆலோங் விஷயத்தில் அவன் மாமா தலையிட்டார், முன்பணத்தை ஐந்து மாதமாகப் பிடித்தேன். இப்போது முன்சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களின் பாஸை அவன்தான் எண்ணுகிறான்.

போன மாதம் 1ஆம் தேதி எண்ணினோம். 34 ஆள், 34 பாஸ். வெஸ்ட்டு மட்டும் 36 கொடுத்ததாக நோட்டில் இருக்கிறது, கையில் 35. அந்த ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வாரம் டுரியான் கடைப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்க்க வேண்டும்.